43 பல்லும் 39 பல்லும்

எண்பதுகளில் பாகூர் பக்கம் விவசாயம் செய்தவர்களில் கொஞ்சம் வசதியானவர்கள் டிராக்டர் வாங்கினார்கள். அப்பா பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை வாங்கினார். முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த உடம்பை வெட்டி எடுத்துவிட்டு, தேக்குச் சட்டமும் தகரமும் வைத்து ஒரு தொட்டி கட்டினார். நெல் மூட்டை, கரும்புக் கரணை, உரம், சவுக்குக் கட்டை, கோயில் திருவிழாவுக்கு ஆட்கள், சில நாள் இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண் என்று அந்தத் தொட்டி சுமக்காதது எதுவுமில்லை. இன்று பிக்கப் வண்டி செய்யும் வேலை அத்தனையையும் அது செய்தது.

அதன் பெட்ரோல் எஞ்சின் குடித்த குடியில் வீடு தாங்கவில்லை. அக்காலத்தில் எல்லோரும் செய்ததையே அப்பாவும் செய்தார். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, டிராக்டர் குடும்பத்தைச் சேர்ந்த டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றினார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, புத்தகத்திலும் எஞ்சின் எண்ணை மாற்றி எழுதினார்கள். செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் வண்டி ஓடவில்லை. ஓடவில்லை என்றால், நகர்ந்தது, இழுத்தது, சேற்றிலிருந்து ஏறியது. கடலூர் சாலைக்கு வந்துவிட்டால் மட்டும் பரிதாபம். எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், முள்ளோடை எல்லை வரவே வராது. கடலூர் பஸ் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகும். அப்பா கியர் குச்சியைத் தட்டித் தட்டி, இன்னும் ஒரு கியர் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுபோல இருக்கும்.

காரணம் எளிது. அந்த ஜீப்பை அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்து வடிவத்தில் மகிந்திரா இங்கே செய்தது. நாற்பதுகளின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய குடும்பம். அதன் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை தாராளமாகச் சுற்றும். அந்தச் சுற்றுக்கு ஏற்றபடி பின் ஆக்சிலில் பல் சக்கரம் வைத்தார்கள். புதிதாக ஏறிய டீசல் எஞ்சினோ நிதானமான பிறவி. வண்டியின் முன்பாதி மாறிவிட்டது, பின்பாதி பழைய எஞ்சினையே நினைத்துக்கொண்டிருந்தது.

"வில்லியனூருக்குக் கொண்டு போ, மேஸ்திரி பாப்பாரு" என்றார்கள். மங்கலம் வழியாகப் போகும் சாலையில் ஓட்டிக்கொண்டு போனோம். திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடும் வீதிகளைத் தாண்டி, ஒரு புளியமரத்தடிப் பட்டறை. மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி எங்களுக்குப் புரியவில்லை.

"கிரவுன் எத்தன பல்லுண்ணா?"

அப்பா என்னைப் பார்த்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினார், மறு சக்கரத்துக்குக் கல் வைத்து அடைத்தார். டயரில் சாக்பீசால் ஒரு கோடு, வண்டிக்கு அடியில் ஓடும் ஷாஃப்டில் ஒரு கோடு. நியூட்ரலில் வைத்துவிட்டு, என்னை அடியில் படுக்கச் சொன்னார். அவர் சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற, நான் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஐந்து சுற்று முடிந்து, ஆறாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றதை இரண்டு சுற்று சுற்றினால்தான் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால்தான் இரண்டு சுற்று. இந்தக் கணக்கை அன்று தரையில் படுத்துக்கொண்டு கற்றேன். பின்சக்கர ஓட்டம் உள்ள எந்தச் சாதாரண வண்டியிலும் இன்றும் இதைச் செய்து பார்க்கலாம். ஆக்சில் ஹவுசிங்கைத் திறக்கவே வேண்டாம்.

"நாப்பத்து மூணுக்கு எட்டு" என்றார் மேஸ்திரி. கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் பினியனில் 8 பல். வகுத்தால் 5.38, அதுதான் ரேஷியோ. ஷாஃப்ட் அத்தனை முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை உருளும். "இதுக்கு முப்பத்தொம்பது போட்டாத்தான் சரி." 39க்கு 8 என்றால் 4.88. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ ஜீப்புக்கு இருந்த அளவு அது. போர் முடிந்து உழவர்களுக்கென்று விற்ற ஜீப்புக்குத்தான் இழுவை கூட்ட 5.38 வைத்தார்கள். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மேஸ்திரிக்குப் பல் எண்ணிக்கை மட்டும் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "அப்ப வண்டிக்கு பலம் கூடுமா?"

"கூடாதுண்ணா. எஞ்சின் குடுக்கறத குடுக்கும். ரோட்டுல வேகம் வேணும்னா இழுவையில கொஞ்சம் உட்டுக் குடுக்கணும். இழுவை வேணும்னா வேகத்துல உடணும். ரெண்டும் சேத்து எவனும் தர மாட்டான்."

இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரேஷியோ மாற்றுவதில் லாபம் நட்டம் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் தொட வேண்டிய இடம் இதுதான். ஆக்சிலில் புதிதாக ஒரு குதிரைத் திறன்கூட உற்பத்தி ஆவதில்லை. 5.38இலிருந்து 4.88க்கு வந்தால், அதே எஞ்சின் சுற்றில் வண்டி பத்து சதவீதம் கூடுதல் தூரம் போகும். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறையும்.

கிரவுன் பினியன் செட்டுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். மேஸ்திரியோடு போனோம். புதுப்பேட்டைத் தெருவில் மலைபோல் குவிந்திருந்த பழைய ஆக்சில்களை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். கடைக்காரர் ஒரு கிரவுனைத் தூக்கிக் காட்டினார். பல்லில் ஒரு கீறல் இல்லை. மேஸ்திரி அதைத் தொடக்கூட இல்லை. "ஜோடி பினியன் எங்க?" என்று கேட்டார். அது இல்லை, வேறு பினியன் தருகிறேன் என்றார் கடைக்காரர். மேஸ்திரி அடுத்த கடைக்கு நடந்தார். தொழிற்சாலையில் ஒரு கிரவுனையும் ஒரு பினியனையும் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றின் பல்லை ஒன்று தேய்த்துப் பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். எண் ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்தால் ஒருநாளும் ஒட்டாது. கொஞ்ச காலம் ஊளையிடும், பிறகு பல் கொட்டும். எண் பொருந்திய ஒரு ஜோடி கிடைக்க மாலையாகிவிட்டது. பழையதுதான், ஆனால் பல்லின் முகம் சீராகத் தேய்ந்திருந்தது.

பூட்டும் வேலையைத்தான் நான் மறக்கவே மாட்டேன். பாகங்களைக் கழற்றிப் போடுவது ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. சரியாக உட்கார வைக்கத்தான் நாட்கள் பிடித்தன. பினியன் எவ்வளவு உள்ளே போய் நிற்க வேண்டும் என்பது தாள் கனத்தில் உள்ள ஷிம்களால் தீர்மானமாகிறது. கிரவுன் இடம் வலமாக எங்கே நிற்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இரண்டு பல்லுக்கும் இடையில் விளையாட்டு இருக்க வேண்டும். அதிகம் இருக்கக் கூடாது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்திலிருந்து பத்து பங்குக்குள். மேஸ்திரி பல்லில் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவார், ஷாஃப்டைச் சுற்றுவார், பல்லில் பதிந்த தடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் மறுபடி கழற்று, அடியில் விழுந்தாலும் கழற்று. பேரிங்கை அழுத்தி எடுத்து, ஒரு ஷிம்மைக் கழித்து, மறுபடி அடித்து உட்கார வைத்து, மறுபடி செந்தூரம். பட்டறைப் பையன்கள் அலுத்துப் போனார்கள். அவர் அலுக்கவில்லை. "இத அவசரமா பூட்னா ஆறு மாசத்துல திரும்ப வருவ" என்றார் அப்பாவிடம்.

ரேஷியோ மாற்றும் செலவு என்று எல்லோரும் செட்டின் விலையைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் அது செலவின் ஒரு பங்குதான். திறந்த பிறகு பழைய பேரிங்குகளை வைத்து மூட முடியாது. ஆயில் சீல், ஷிம், பினியன் நட், புது ஆயில். அந்த ஆயிலும் எஞ்சினுக்கு ஊற்றுவது அல்ல. பல்லும் பல்லும் உரசிச் சறுக்கும் இடம் என்பதால் அழுத்தம் தாங்கும் கியர் ஆயில், நாம் கடையில் கேட்கும் 90 நம்பர். வண்டி பட்டறையில் நின்ற நாட்களின் வாடகை நட்டம். அதற்குப் பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை மறுபடி மாற்ற வேண்டும். அறுவடை நேரத்தில் லோடு வேண்டாம் என்று சொல்லும் மனம் எத்தனை பேருக்கு வரும்? அப்பா சொன்னார். நெல் அறுத்துக் களத்தில் கிடந்தபோதும் வண்டியைக் காலியாகவே ஓட்டினார்.

ஜீப்பில் இன்னொரு செலவும் உண்டு. முன் ஆக்சிலிலும் இதேபோல் ஒரு கிரவுன் பினியன் இருக்கிறது. பின்னால் 39 போட்டு முன்னால் 43 விட்டால், நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டவுடன் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று ஒன்றையொன்று முறுக்கும். தார்ச்சாலையில் எது உடையும் என்று சொல்ல முடியாது. முன்பக்கத்தையும் மாற்றினால் செலவு இரட்டிப்பு. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. முன் ஷாஃப்டைக் கழற்றிப் பரணில் போட்டார். அன்றிலிருந்து எங்கள் ஜீப் இரண்டு சக்கர வண்டி.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. கணக்காகவே சொல்கிறேன். 6.00-16 டயரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் முன்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,370 சுற்று சுற்ற வேண்டியிருந்தது. பிறகு 2,150 போதும். காதில் அது பெரிய வித்தியாசம். கன்னியக்கோயில் தாண்டி, கிருமாம்பாக்கம் தாண்டி, அப்பா முதன்முறையாக என்னோடு பேசிக்கொண்டே ஓட்டினார்; முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் பேச முடியாது. தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் ஏற்றிப் போய் மதியத்துக்குள் வீடு திரும்பினோம்.

ஆனால் டீசல் மிச்சமாகவில்லை என்று அப்பா குறைப்பட்டார். லிட்டருக்கு முன்பைவிடச் சற்றுக் குறைவான கிலோமீட்டர்தான் மீட்டரில் காட்டியது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜீப்பின் மீட்டர் கேபிள் கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்று அதற்குத் தெரியாது, ஷாஃப்ட் சுற்றிய கணக்குதான் தெரியும். இப்போது ஒரே ஷாஃப்ட் சுற்றுக்கு வண்டி பத்து சதவீதம் அதிகம் போகிறது. மீட்டர் 100 காட்டினால் உண்மையில் 110 வந்திருப்போம். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்த்தபோதுதான் மிச்சம் இருப்பது தெரிந்தது. மீட்டர் கேபிளின் சின்னப் பல்லையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விட்டுக்கொடுத்தது எங்கே தெரிந்தது என்றால் ஏரிக்கரையில். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக எங்கள் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரிய ஏரி. எங்கள் பூமி மட்டம், மேடு என்று சொல்ல அந்தக் கரைதான் உண்டு. வயலிலிருந்து ஈர நெல் மூட்டையோடு கரை ஏறும்போது, முன்பு முதல் கியரில் முனகாமல் ஏறிய வண்டி இப்போது பாதியில் தவித்தது. அப்பா கிளட்சைப் பாதி அழுத்தி எஞ்சினை ஏற்றிக் கொடுத்து ஏற்றுவார். கருகல் வாடை மூக்கில் ஏறும். கிளட்ச் பிளேட் முன்பைவிட சீக்கிரம் தேய்ந்தது. பிறகு அம்மா சொன்ன வழியைத்தான் கடைப்பிடித்தோம்: மூட்டைகளை இரண்டு நடையாக ஏற்றுவது. ஒன்பது சதவீத இழுவை காகிதத்தில் சின்ன எண். சேற்றில், சரிவில், நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது, அதுதான் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்கிறது.

வருடங்கள் கழித்து இதே கதை தலைகீழாக நடந்ததையும் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. சவுக்குத் தோப்புகள் படுத்துவிட்டன. தென்னை, மா, பலா எல்லாம் வேரோடு. அடுத்த மாதங்களில் எங்கள் பகுதியில் மரம் ஏற்றாத லோடு வண்டியே இல்லை. சித்தப்பா மகன் தவணையில் ஒரு பிக்கப் வைத்திருந்தான். "ஏத்தினா இழுக்கவே மாட்டேங்குதுண்ணா, பல்லு மாத்திடலாம்னு பாக்கறேன்" என்று வந்தான். அவனுக்கு வேண்டியது நாங்கள் செய்ததற்கு நேர்எதிர். ரேஷியோ எண்ணைக் கூட்டி, இழுவை அதிகமாக்க வேண்டும்.

எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பார் என்று அவனை அனுப்பினேன். வண்டிப் புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடையைவிட மிக அதிகமாக ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அது தன் அளவுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் மாற்றினான். சரிவில் கிளப்புவது சுலபமானது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. மற்ற எல்லாமே பாதகம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகக் காலியாகத் திரும்பும்போதும் எஞ்சின் கத்திக்கொண்டே வந்தது. மைலேஜ் கூடியிருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். மீட்டர் இப்போது எதிர்ப்பக்கமாகப் பொய் சொன்னது, ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டியது. கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தால் குறைந்துதான் இருந்தது. (சக்கரத்திலேயே சென்சார் வைத்த புது வண்டிகளில் இந்தக் குழப்பம் வராது.)

எனக்குப் பயம் தந்தது வேறு. இழுவை கூடியதும் அவன் இன்னும் ஏற்றினான். ஆக்சிலில் பல் மாற்றினால் பிரேக் பெரிதாவதில்லை. ஸ்பிரிங் பட்டை கனமாவதில்லை. டயர் தாங்கும் எடை மாறுவதில்லை. கிளப்ப முடிகிறது என்பதற்காக ஏற்றிய பாரத்தை நிறுத்த முடியாது. போதாக்குறைக்கு, எண் கூடக் கூடப் பினியன் சின்னதாகிறது. அதிகப் பாரத்தில் முதலில் உடைவது அதுதான். ஒரு மழைநாளில் பள்ளத்திலிருந்து ஏற்றும்போது பினியன் பல் உடைந்து, ஹவுசிங்குக்குள் துகள் சிதறி, செட்டு முழுவதும் போனது. சாலையோரம் மரம் ஏற்றிய வண்டியோடு இரண்டு இரவு காவல் இருந்தான். நல்ல வேளையாக அது ஏற்றத்தில் நடந்தது.

இன்று அதிக பாரத்துக்கு அபராதம் அடிப்படையாக 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கிரவுன் பல் எண்ணிக்கை ஆர்.சி. புத்தகத்தில் இல்லை என்பதால் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று தைரியம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி காலத்தில் கம்பெனி பிடிக்கும். அதைவிட, எடைமேடை பிடிக்கும்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது என்று வைப்போம். ரேஷியோ எண்ணைப் பத்து சதவீதம் குறைத்தால் மைலேஜும் பத்து சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்றைத் தள்ளவும் பாரத்தை உருட்டவும் வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கிறது. நல்ல சாலையில் ஐந்து சதவீதம் கிடைத்தால் பெரிது. லிட்டருக்கு 10.5. வருடத்துக்கு மிச்சம் 143 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 12,870 ரூபாய். செட்டு, பேரிங், சீல், ஆயில், கூலி, வண்டி நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பணம் திரும்ப வருடங்கள் ஆகும். அதுவும் கோயம்பேடு மார்க்கெட் வரை நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டிக்கு. பத்துக்கண்ணிலிருந்து வில்லியனூர், வில்லியனூரிலிருந்து ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர் என்று பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஊரும் ஒரு வேகத்தடையும் உள்ள நம் கொம்யூன்களில் ஓடுகிற வண்டி மேல் கியரையே அதிகம் பார்ப்பதில்லை. அதற்கு எதுவும் மிச்சமாகாது.

எஞ்சினையே மாற்றியவர்களுக்கு நியாயம் உண்டு. அப்பாவுக்கு இருந்தது அந்த நியாயம்தான். பெரிய டயர் போட்டவர்களுக்கும் உண்டு. 6.00-16 இருந்த இடத்தில் 7.00-16 போட்டால் டயரின் உயரமே ஏழு சதவீதம் போலக் கூடும். பல்லைத் தொடாமலே ரேஷியோவை மாற்றியதற்குச் சமம் அது. இழந்த இழுவையை மீட்க எண்ணைக் கூட்டுவது சரிதான். எப்போதும் மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கும் உண்டு. கம்பெனி கொடுத்த எஞ்சின், கம்பெனி கொடுத்த டயர், புத்தகத்தில் உள்ள எடை, புதுச்சேரி மண் என்று இருப்பவர்களுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வில்லியனூரிலும் பாகூரிலும் தவணை கட்டிக்கொண்டு பிக்கப் ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் எடைமேடைக்குப் போங்கள். டயரில் காற்றைப் பாருங்கள், ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள், கிளட்ச் சறுக்குகிறதா பாருங்கள், இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்து, அப்படியும் எஞ்சினோ டயரோ மாறிய வண்டியாக இருந்தால் மட்டும் கிரவுனைத் திறங்கள். திறந்தால் ஜோடி எண் பார்த்து வாங்குங்கள், செந்தூரம் வைத்துத் தடம் பார்க்கிற மேஸ்திரியிடம் மட்டும் கொடுங்கள், அவர் கேட்கிற நாட்களைக் கொடுங்கள்.

எங்கள் ஜீப் 39 பல்லோடு அப்பாவின் காலம் முழுவதும் ஓடியது. அந்த ஹவுசிங்கை மறுபடி திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.